இல்லாத பாதையை வரிசையில் எங்கே வைப்பது?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு மாறாமல், வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்களில் மட்டும் திருத்தியிருக்கிறோம்.)

கிராஃப் டேட்டாபேஸ் பத்தி இதுவரைக்கும் பேசின எபிசோடுகளுக்கு வந்த கேள்விகள்ல ஒண்ணு திரும்பத் திரும்ப வருது. "ஆப்ஷனல் மேட்ச் போட்டு எடுத்த ரிசல்ட்டை ஆர்டர் பை போட்டு வரிசைப்படுத்தினா, வரிசை ஏதோ கோணலா வருது. சில பேர் காணாமலே போயிடறாங்க. ஏன்?" இன்னிக்கு முழுக்க இந்த ஒரு கேள்விதான். பார்க்கறதுக்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனா லிஸ்ட்டோட முதல் இருபது பேரை மட்டும் ஒருத்தர் பார்க்கப் போறார்னா, யார் உள்ளே, யார் வெளியேங்கறதை இதுதான் தீர்மானிக்குது.

ஆடியோல கோடை எழுத்து எழுத்தா வாசிச்சா யாருக்கும் புரியாது. அதனால க்வெரியை வாயால சொல்ற மாதிரியே சொல்றேன். பெரும்பாலும் நியோ4ஜேல இருக்கற சைஃபர் மொழியை மனசுல வெச்சுத்தான் பேசப்போறேன். நடுவுல ஸ்பார்க்கிள், கிரெம்லின் ரெண்டும் எட்டிப் பார்க்கும்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். ஒரு கல்லூரியில ரத்ததானக் குழு இருக்கு. ஒவ்வொரு கொடையாளரும் ஒரு நோடு. அவர் ரத்தம் கொடுத்த ஒவ்வொரு தடவையும் தனியா ஒரு நோடு. அதை 'கொடை'ன்னு சொல்லுவோம், அதுல தேதி இருக்கும். அந்தக் கொடை ஒரு முகாம்ல நடந்திருந்தா, முகாமுக்கு ஒரு கோடு போகும். கொடையாளர், கொடை, முகாம், அவ்வளவுதான் கிராஃப்.

ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு ஆஸ்பத்திரியில இருந்து போன் வருது. ஓ நெகட்டிவ் வேணும். குழுவில இருக்கற பையன் லேப்டாப்பைத் திறந்து, ரத்தம் கொடுத்து ரொம்ப நாள் ஆனவங்க முதல்ல வர்ற மாதிரி ஒரு லிஸ்ட் எடுக்கறான். காரணம் உங்களுக்கே தெரியும். நம்ம நாட்டு வழிகாட்டுதல்படி ஆண்கள் ஒரு தடவை கொடுத்தா அடுத்து 90 நாள், பெண்கள் 120 நாள் காத்திருக்கணும். ரொம்ப நாள் முன்னாடி கொடுத்தவரைக் கூப்பிடறதுதான் பாதுகாப்பு.

அவன் எழுதற க்வெரி இதுதான். ஓ நெகட்டிவ் கொடையாளர்களை மேட்ச் பண்ணு. ஆப்ஷனல் மேட்ச்: கொடையாளர்ல இருந்து கொடைக்கு, கொடையில இருந்து முகாமுக்கு. பேர், தேதி, முகாம் மூணையும் ரிட்டர்ன் பண்ணு. தேதிப்படி ஏறுவரிசையில ஆர்டர் பண்ணு. லிமிட் இருபது.

படிச்சா தப்பே தெரியாது. டேட்டாவுல நாலு விதமான ஆட்களை நிறுத்திப் பார்ப்போம்.

முதல் ஆள் மூணு தடவை கொடுத்திருக்கார். 2019ல ஒண்ணு, 2022ல ஒண்ணு, போன மாசம் ஒண்ணு. ரெண்டாவது ஆள் புதுசாச் சேர்ந்தவர், இன்னும் ஒரு தடவைகூடக் கொடுக்கல. மூணாவது ஆள் ஒரு தடவை முகாம்ல கொடுத்திருக்கார், ஆனா யாரோ தேதியைப் பதியாம விட்டுட்டாங்க. நாலாவது ஆள் 2023 ஜனவரியில ஒரு உறவினருக்காக நேரா ஆஸ்பத்திரியில போய்க் கொடுத்திருக்கார். தேதி இருக்கு, முகாம் இல்ல.

இப்போ சொல்லுங்க, போன் முதல்ல யாருக்குப் போகணும்? நாலாவது ஆளுக்கும் ரெண்டாவது ஆளுக்கும். முதல் ஆளைத் தொடவே கூடாது, போன மாசம்தான் கொடுத்திருக்கார். மூணாவது ஆளைக் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

க்வெரி என்ன கொடுக்கும் தெரியுமா? முதல் ஆளைத்தான் உச்சியில வைக்கும். அடுத்ததும் அவர்தான். அதுக்கடுத்ததும் அவரேதான். மத்த மூணு பேரும் லிஸ்ட்டோட கடைசியில போய் நிப்பாங்க. குழுவில கொஞ்சம் பேர்தான்னா பரவாயில்ல, கண்ணுல படும். கொடைப் பதிவுகள் நூத்துக்கணக்குல இருந்தா, லிமிட் இருபதுக்குள்ள அந்த மூணு பேரும் வரவே மாட்டாங்க. எர்ரர் எதுவும் வராது. லிஸ்ட் பார்க்கறதுக்கு ரொம்ப ஒழுங்கா இருக்கும்.

ஏன் இப்படின்னு ஒவ்வொண்ணா அவிழ்ப்போம்.

முதல்ல வெற்று மதிப்பு. ஆப்ஷனல் மேட்ச்ல பாதை கிடைக்கலேன்னா, ரோ காணாமப் போகாது. அந்தப் பாதையில வர்ற புது பெயர்கள் எல்லாத்துக்கும் 'நல்' வந்து உக்காந்துக்கும். 'நல்'னு தமிழ்ல எழுதினா நல்லதுன்னு அர்த்தம் வந்துடுது, அதனால இனிமே நான் 'வெற்று'ன்னே சொல்றேன். வெற்றோட ப்ராப்பர்ட்டியைக் கேட்டாலும் வெற்றுதான் வரும். அப்போ ஆர்டர் பை என்ன செய்யும்? தேதியும் தேதியும் ஒப்பிடலாம். தேதியும் வெற்றும்? ஒப்பிட ஒண்ணும் இல்ல. ஆனா வரிசைன்னு ஒண்ணு வேணும்னா எங்கேயாவது வெச்சுத்தான் ஆகணும். அதனால ஒவ்வொரு மொழியும் ஒரு முடிவு எடுத்து வெச்சிருக்கு.

சைஃபர் வெற்றை எல்லாத்தையும்விடப் பெரிசுன்னு வெச்சுக்கும். ஏறுவரிசையில கடைசி, இறங்குவரிசையில முதல். ஸ்பார்க்கிள் நேரெதிர். மதிப்பே இல்லாததுதான் அங்கே எல்லாத்தையும்விடச் சின்னது, ஏறுவரிசையில முதல்ல வரும். கிரெம்லின் இன்னொரு ரகம். டிங்கர்பாப் 3.6க்கு முன்னாடி, இல்லாத ப்ராப்பர்ட்டியை வெச்சு ஆர்டர் பண்ணச் சொன்னா எர்ரர் கொடுக்கும். 3.6ல இருந்து அந்த ஆளை ஓசைப்படாம வடிகட்டி எறிஞ்சிடும். ஆக அதே கேள்வி, அதே டேட்டா. ஒரு இடத்துல புதுக் கொடையாளர் கடைசியில, ஒரு இடத்துல முதல்ல, ஒரு இடத்துல ஆளே இல்ல.

இது கிராஃபுக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல. எஸ்க்யூஎல்லயே போஸ்ட்கிரஸும் ஆரக்கிளும் வெற்றைப் பெரிசா வைக்கும், மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூலைட்டும் சின்னதா வைக்கும். அதனாலதான் 'நல்ஸ் ஃபர்ஸ்ட்', 'நல்ஸ் லாஸ்ட்'னு வெளிப்படையாச் சொல்ற வசதி வந்தது. 2024 ஏப்ரல்ல ஐஎஸ்ஓ வெளியிட்ட ஜிக்யூஎல், அதாவது கிராஃபுக்கான பொது வினவல் மொழியோட தரநிலை, அதுலயும் இந்த வசதி இருக்கு. உங்க கையில இருக்கற இன்ஜின்ல அது வேலை செய்யலேன்னா ஒரு பழைய வழி இருக்கு. முதல் வரிசைச் சாவியா "தேதி வெற்றா?"ங்கற கேள்வியையே போடுங்க, ரெண்டாவது சாவியாத் தேதியைப் போடுங்க. சைஃபர்ல பொய் முதல்ல, உண்மை பின்னாடி. அதனால தேதி இருக்கறவங்க முன்னாடி, இல்லாதவங்க பின்னாடி. தேதியை ஏறுவரிசையில போட்டாலும் இறங்குவரிசையில போட்டாலும் வெற்று அசையாது. ஸ்பார்க்கிள்ல 'பௌண்ட்' ஃபங்க்ஷனை வெச்சு இதையே செய்யலாம்.

எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏன்னா எங்கே வைக்கணும்னு எழுதினவர் முடிவு பண்ணியிருக்கார்ங்கறது க்வெரியைப் படிச்சாலே தெரியும்.

சரி, இது பாதிக் கதைதான். நாலாவது ஆள் ஞாபகம் இருக்கா? அவருக்குத் தேதி இருக்கு. 2023 ஜனவரி. அப்புறம் ஏன் கடைசிக்குப் போனார்?

இதை நிறைய பேர் கவனிக்கறதில்ல. ஆப்ஷனல் மேட்ச்ல ஒரு பாதையை எழுதினா அது முழுசாக் கிடைக்கணும், இல்லேன்னா முழுசா வெற்று. பாதி கிடைச்சதுன்னு பாதியைக் கொடுக்காது. நம்ம பையன் கொடையையும் முகாமையும் ஒரே பாதையில கோத்துட்டான். நாலாவது ஆளுக்கு முகாம் இல்ல. அதனால கொடையும் இல்லேன்னு ஆயிடுச்சு. ரத்தம் கொடுத்தவர், கொடுக்காதவர் மாதிரி நிக்கறார். இதைவிட மோசம், இவரையும் ரெண்டாவது ஆளையும் ரிசல்ட்டுல பார்த்து வித்தியாசம் சொல்லவே முடியாது. ரெண்டு பேருக்கும் தேதி வெற்று, முகாம் வெற்று.

தீர்வு சுலபம். ரெண்டு ஆப்ஷனல் மேட்சாப் பிரிச்சு எழுதணும். கொடையாளர்ல இருந்து கொடைக்கு ஒண்ணு. கொடையில இருந்து முகாமுக்கு இன்னொண்ணு. எந்த இடத்துல பாதை நின்னுபோக வாய்ப்பு இருக்கோ, அந்த இடத்துல வெட்டணும். ஸ்பார்க்கிள்லயும் அப்படியே. ஒரே ஆப்ஷனல் அடைப்புக்குள்ள ரெண்டு வரி எழுதினா ரெண்டும் சேர்ந்துதான் வரும், இல்ல சேர்ந்துதான் போகும்.

வேர் பத்தியும் இங்கேயே சொல்லிடறேன். ஆப்ஷனல் மேட்சுக்கு ஒட்டி வேர் எழுதினா, அந்த நிபந்தனை பாதையைத் தேடறதுக்கு உள்ளது. பொருந்தலேன்னா பாதை வெற்று ஆகும், ஆள் இருப்பார். நடுவுல ஒரு வித் போட்டு அதுக்குப் பின்னாடி அதே வேரை எழுதினா, அது ரோவையே வடிகட்டும். "கடைசியாக் கொடுத்து 90 நாள் ஆயிருக்கணும்"னு அங்கே எழுதினா என்ன ஆகும்? வெற்றை எதோட ஒப்பிட்டாலும் பதிலும் வெற்றுதான், வெற்றை வேர் உள்ளே விடாது. புதுசாச் சேர்ந்தவங்க எல்லாரும் வரிசைக்கு வர்றதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னுடுவாங்க. அதுக்கப்புறம் வெற்று முதல்லயா கடைசியிலயான்னு ஆர்டர் பை பக்கத்துல உக்காந்து தேடறது வீண். "வெற்றா இருக்கணும், இல்லேன்னா 90 நாள் ஆயிருக்கணும்"னு ரெண்டையும் சேர்த்து எழுதணும்.

இப்போ முதல் ஆளுக்கு வருவோம். இவர் கதைதான் உண்மையில ஆபத்தானது. போன மாசம் கொடுத்தவர் லிஸ்ட்டோட உச்சியில இருக்கார். ஏன்னா ஆப்ஷனல் மேட்ச் ஆளுக்கு ஒரு ரோ கொடுக்காது, கிடைச்ச ஒவ்வொரு பாதைக்கும் ஒரு ரோ கொடுக்கும். இவருக்கு மூணு ரோ. 2019ல கொடுத்த அந்த ரோவை வெச்சு அவர் முதலிடம் பிடிச்சுட்டார். நாம கேட்க நினைச்சது ஆட்களை வரிசைப்படுத்தச் சொல்லி. க்வெரி வரிசைப்படுத்தினது கொடைகளை. லிமிட் இருபதும் இருபது ஆள் இல்ல, இருபது கொடை. அடிக்கடி கொடுக்கறவங்க நாலஞ்சு பேரே அந்த இருபதையும் நிரப்பிடலாம்.

அதனால வரிசைப்படுத்தறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு ரோவாச் சுருக்கணும். கொடையாளர், அவரோட கொடைத் தேதிகள்ல அதிகபட்சம். மேக்ஸ் வெற்றுகளைக் கண்டுக்காது, எல்லாமே வெற்றா இருந்தா மட்டும் வெற்றைக் கொடுக்கும். நமக்கு அதுதான் வேணும்.

சில பேர் மேக்ஸுக்குப் பதிலா வேற மாதிரி செய்வாங்க. கொடைகளை இறங்குவரிசையில வெச்சு, கலெக்ட் பண்ணி, பட்டியலோட முதல் ஐட்டத்தை எடுப்பாங்க. கொடையோட மத்த விவரமும் வேணும்னா இது நல்ல வழிதான். ஆனா சைஃபர்ல இறங்குவரிசைன்னா வெற்று முதல்லன்னு சொன்னேனே, தேதி பதியாத ஒரு கொடை இருந்தா அதுதான் தலைக்கு வரும். கலெக்ட் வெற்றைத் தள்ளிடும்னு சொல்லித் தப்பிக்க முடியாது. கொடை நோடு வெற்று இல்லையே, அதோட தேதிதானே வெற்று? அதனால அது பட்டியல்ல இருக்கும், அதுவும் முதல் இடத்துல.

ரெண்டு ஆப்ஷனல் பாதைகள் ஒரே நோடுல இருந்து பிரிஞ்சா இன்னொரு வேடிக்கை. கொடையாளருக்கு அஞ்சு கொடை, ரெண்டு போன் நம்பர். ரெண்டு ஆப்ஷனல் மேட்சையும் அடுத்தடுத்து எழுதினா பத்து ரோ வரும். கொடைகளை எண்ணினா பத்துன்னு சொல்லும். "அதிகமாக் கொடுத்தவர்"னு அந்த எண்ணிக்கையில வரிசைப்படுத்தினா, ரெண்டு சிம் வெச்சிருக்கறவர் ஜெயிப்பார். மேக்ஸுக்கு இதனால பாதிப்பு இல்ல, எண்ணிக்கையும் கூட்டலும்தான் கெடும். முதல் ஆப்ஷனலை முடிச்சதும் வித் போட்டுச் சுருக்கிட்டு, அப்புறம் ரெண்டாவதுக்குப் போங்க.

ஆனா ஒண்ணு. வரிசையைக் கடைசியில போடுங்க. முன்னாடி ஒரு வித்துல ஆர்டர் பை போட்டுட்டு அதுக்குப் பின்னாடி இன்னொரு ஆப்ஷனல் மேட்ச் எழுதினா, பழைய வரிசை அப்படியே இருக்கும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. சின்ன டேட்டாவுல இருக்கிற மாதிரி தெரியும். டேட்டா வளர்ந்து பிளான் மாறினா கலைஞ்சுடும்.

இதுவரைக்கும் சொன்னது டெக்னிக். இனிமே சொல்லப்போறது டெக்னிக் இல்ல.

மேக்ஸ் எடுத்தாச்சு, பாதையை வெட்டியாச்சு. நாலாவது ஆள் 2023 தேதியோட முன்னாடி வந்துட்டார். முதல் ஆள் போன மாசத் தேதியோட பின்னாடி போயிட்டார். மிச்சம் ரெண்டாவதும் மூணாவதும். ரெண்டு பேருக்கும் கடைசித் தேதி வெற்று. ஆனா அந்த ரெண்டு வெற்றும் ஒண்ணா? ரெண்டாவது ஆள் கொடுத்ததே இல்ல. மூணாவது ஆள் கொடுத்திருக்கார், எப்போன்னு தெரியாது. போன வாரமாக்கூட இருக்கலாம். முதல் வெற்றுக்கு அர்த்தம் "தாராளமாக் கூப்பிடு". ரெண்டாவது வெற்றுக்கு அர்த்தம் "விசாரிக்காமக் கூப்பிடாதே". ரெண்டையும் ஒரே மூட்டையில கட்டி முதல்ல வெச்சாலும் தப்பு, கடைசியில வெச்சாலும் தப்பு.

ரிலேஷனல் மாடலைக் கொடுத்த காட், 1986ல எழுதின ஒரு கட்டுரையில இதைத்தான் கையில எடுத்தார். பொருந்தும் ஆனா தெரியல, பொருந்தவே பொருந்தாதுன்னு இல்லாமையை ரெண்டாப் பிரிக்கணும்னார். நடைமுறையில அது நிலைக்கல, எல்லாம் ஒரே வெற்றுதான்னு ஆயிடுச்சு. எஸ்க்யூஎல் டேபிள்ல இதைப் பிரிக்க நீங்க தனியா ஒரு காலம் வெச்சாத்தான் உண்டு. கிராஃப்ல ஒரு நன்மை இருக்கு. பாதை இல்லங்கறதும், பாதை இருந்து தேதி இல்லங்கறதும் டேட்டாவுலயே வேற வேற வடிவம். கோடே இல்ல, இல்லேன்னா கோடு இருந்து முனையில ஒரு கட்டம் காலி. ஆர்டர் பைக்கு வர்றப்போதான் ரெண்டும் ஒண்ணாக் கரைஞ்சுடுது. கரையறதுக்கு முன்னாடி பிடிச்சுக்கணும்.

பிடிக்கறது எப்படி? எண்ணிப் பாருங்க. கொடை நோடுகளோட எண்ணிக்கை ஒண்ணு, கொடைத் தேதிகளோட எண்ணிக்கை ஒண்ணு. கவுண்ட் வெற்றை எண்ணாது. கொடை பூஜ்யம்னா அவர் புதியவர். கொடை இருந்து தேதி பூஜ்யம்னா அவர் தேதி தெரியாதவர். கொடை மூணு, தேதி ரெண்டுன்னு வந்தா? அப்போ மேக்ஸ் ஒரு தேதி கொடுக்கும், பார்க்கறதுக்கு எல்லாம் சரியா இருக்கற மாதிரி தெரியும். ஆனா விட்டுப்போன அந்த ஒரு கொடைதான் கடைசியா நடந்ததோ என்னவோ. இவரையும் விசாரிக்க வேண்டியவர் பக்கம்தான் நான் சேர்ப்பேன். இங்கேயும் மேலே சொன்ன பெருக்கல் நடக்கும்: ஒரே கொடையில இருந்து ரெண்டு முகாமுக்குக் கோடு தப்பாப் போயிருந்தா எண்ணிக்கை வீங்கும். அதனால முகாம் பக்கம் போறதுக்கு முன்னாடியே எண்ணி முடிச்சுடுங்க.

இப்போ கேஸ் போட்டு ஒரு குழு எண் கொடுக்கலாம். அந்தக் குழு எண்தான் முதல் சாவி, தேதி ரெண்டாவது சாவி. புதியவரை முதல் குழுவா வைக்கறதா, 90 நாள் தாண்டினவங்களுக்குப் பின்னாடி வைக்கறதா? இது புரோகிராம் எழுதறவர் முடிவு பண்ற விஷயம் இல்ல. அவசரத்துல ராத்திரி கூப்பிடறப்போ, ஏற்கெனவே கொடுத்துப் பழகினவர்தான் தயங்காம வருவார்னு குழு சொல்லலாம். பகல்ல முகாமுக்கு ஆள் கூப்பிடறப்போ, புதியவங்களுக்கு வாய்ப்பு கொடுக்கணும்னு அதே குழு சொல்லலாம். ரெண்டுமே நியாயம். அவங்ககிட்ட போய்க் கேட்கணும். அந்தக் கேள்வியை நீங்க கேட்கலேன்னா, அதுக்குப் பதில் சொல்றது சைஃபரோட டிஃபால்ட். அதுக்கு ரத்தத்தைப் பத்தி என்ன தெரியும்?

தேதி தெரியாதவங்களை நான் இந்த வரிசையிலேயே சேர்க்க மாட்டேன். தனி லிஸ்ட்டா எடுத்து, யாராவது சாவகாசமாக் கூப்பிட்டுக் கேட்டுப் பதிஞ்சுடட்டும்.

இங்கே கோயலெஸ் பத்தி ஒரு வார்த்தை. "வெற்றா இருந்தா 1900 ஜனவரி 1ன்னு வெச்சுக்கோ"ன்னு எழுதறது வழக்கமான குறுக்குவழி. வரிசை சரியா வரும். ஆனா அந்தத் தேதி வரிசைக்குள்ளேயே இருக்காது, வெளியே கசியும். ஒரு நாள் ஸ்க்ரீன்ல "கடைசியாக் கொடுத்தது: 1900"ன்னு வரும். எக்ஸெல்லுக்கு எடுத்தா, இவங்க நூறு வருஷத்துக்கு மேல ஓய்வு எடுத்தவங்களாத் தெரிவாங்க. போடறதா இருந்தா ஆர்டர் பைக்குள்ள மட்டும் போடுங்க, ரிட்டர்ன் பண்ற மதிப்புல போடாதீங்க. டேட்டா பதியறவங்க தேதி கட்டத்துல "தெரியாது"ன்னோ வெறும் கோடோ போட்டு வெச்சிருந்தா அது இன்னும் மோசம். அது வெற்றே இல்ல, ஒரு சரம். நான் சொன்ன எந்தச் சோதனையிலயும் அது மாட்டாது. தேதிகள் ஒரு கூட்டமா, சரங்கள் ஒரு கூட்டமா தனித்தனியா வரிசையில நிக்கும்.

இல்லாமையை இன்னும் நுணுக்கமாக் கையாளற ஒரு உண்மையான கிராஃப் இருக்கு: விக்கிடேட்டா. 2012 அக்டோபர்ல தொடங்கினது, யார் வேணும்னாலும் திருத்தலாம், ஸ்பார்க்கிள்ல க்வெரி எழுதலாம். அங்கே ஒரு விவரத்துக்கு மதிப்பு தெரியலேன்னா சும்மா விட்டுடறது ஒரு வழி. "மதிப்பு இருக்கு, என்னன்னு தெரியாது"ன்னு பதியறது இன்னொரு வழி. "மதிப்பே கிடையாது"ன்னு பதியறது மூணாவது. ஒருத்தருக்கு இறந்த தேதி பதிவே இல்லேன்னா, அவர் உயிரோட இருக்கலாம், இல்ல யாரும் இன்னும் பதியாம இருக்கலாம். "தெரியாத மதிப்பு"ன்னு இருந்தா, அவர் இறந்துட்டார், எப்போன்னுதான் தெரியாது. காட் கேட்டது ஓரளவுக்கு இங்கே நடைமுறையில இருக்கு.

தமிழ் எழுத்தாளர்களை இறந்த தேதிப்படி ஏறுவரிசையில வெச்சு, தேதியை ஆப்ஷனல்ல போட்டு ஒரு க்வெரி ஓட்டறீங்கன்னு வெச்சுக்குவோம். இறந்த தேதியோட எண் பி570. ஸ்பார்க்கிளோட விதிப்படி மதிப்பே இல்லாதது முதல்ல. ஆக, இன்னிக்கு நம்மகூட இருக்கறவங்க எல்லாரும் மேலே. அடுத்து, "தெரியாத மதிப்பு". அது க்வெரியில தேதியா வராது, முகவரி மாதிரி ஒரு நீளமான குறியீடா வரும். முகவரிகள் தேதிகளுக்கு முன்னாடின்னு விதி. அதனால எப்போ இறந்தாங்கன்னே தெரியாதவங்க ரெண்டாவது. அதுக்கப்புறம்தான் தேதியுள்ளவங்க. லிமிட் நூறு போட்டுட்டு "மிகப் பழைய நூறு எழுத்தாளர்கள்"னு ஒருத்தர் தலைப்புக் கொடுத்தா, அதுல பாதிப் பேர் இப்போ புத்தகக் கண்காட்சியில கையெழுத்துப் போட்டுட்டு இருக்கலாம்.

தேதி இல்லாதவங்களை நீக்கிடலாமேன்னு தோணும். ஆப்ஷனலை எடுத்துட்டா வரிசை சுத்தமாயிடும். ஆனா தமிழுக்கு அது ரொம்பப் பெரிய விலை. சங்கப் புலவர்கள்ல எத்தனை பேருக்குப் பிறந்த தேதி, இறந்த தேதி தெரியும்? செம்புலப்பெயல்நீரார்னு சொல்றோமே, அது அவர் பேரே கிடையாது, குறுந்தொகைப் பாட்டுல அவர் எழுதின தொடரை வெச்சு வந்த பேர். அவருக்குத் தேதி என்னிக்குமே வரப்போறதில்ல. தேதி இருந்தாத்தான் லிஸ்ட்டுல இடம்னு சொன்னா, தமிழ் இலக்கியம் காலனிய காலத்துப் பதிவேட்டுல இருந்துதான் தொடங்கும்.

"9ஆம் நூற்றாண்டு"ன்னு மட்டும் பதிஞ்சிருந்தாலும் சிக்கல் உண்டு. விக்கிடேட்டாவுல துல்லியம் தனியாப் பதிவாகும். ஆனா சுருக்கமான வழியில கேட்டா ஒரே ஒரு முழுத் தேதிதான் வரும். அந்த நூற்றாண்டுன்னு பதிஞ்ச எல்லாரும் ஒரே நாள்ல பிறந்த மாதிரி ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. துல்லியத்தையும் எடுத்துப் பக்கத்துல காட்டுங்க. இன்னொண்ணு, பாரதியாரோட இறந்த நாளை செப்டம்பர் 11ன்னும் எழுதறாங்க, 12ன்னும் எழுதறாங்க. அப்படி ரெண்டு தேதி ஒரே தரத்துல பதிவாகியிருக்கற எவரும் லிஸ்ட்டுல ரெண்டு தடவை வருவார். நம்ம முதல் ஆள் மூணு தடவை வந்த அதே காரணம்தான். மினிமமோ மேக்ஸிமமோ எடுத்து ஆளுக்கு ஒரு ரோ ஆக்கணும்.

பேர் வரிசைக்கும் இது பொருந்தும். தமிழ்ப் பேரை ஆப்ஷனல்ல எடுத்து, இல்லாதவங்களுக்கு ஆங்கிலப் பேரை வெச்சு அகரவரிசைப்படுத்தினா, ஆங்கில எழுத்துகள் யூனிகோடுல தமிழுக்கு முன்னாடி இருக்கறதால அவங்க கூட்டமா மேலே ஏறிடுவாங்க. தமிழ் அகரவரிசையும் யூனிகோடு வரிசையும் ஒண்ணு இல்லங்கறது வேற கதை, அதுக்குத் தனி எபிசோடே வேணும்.

கடைசியா, ஒரு நேயர் அனுப்பின குறிப்பான கேள்வி. "பக்கம் பக்கமாக் காட்டறோம். முதல் பக்கத்துல வந்த ஆள் ரெண்டாவது பக்கத்துலயும் வர்றார். வேற சில பேர் எந்தப் பக்கத்துலயும் வரல. தேதி இல்லாதவங்க கிட்டதான் இது அதிகம் நடக்குது. ஏன்?"

உங்க சந்தேகம் சரியான இடத்துலதான் இருக்கு. வெற்று உள்ளவங்க எல்லாரும் வரிசையில சமம். சமமா இருக்கறவங்களுக்குள்ள யார் முன்னாடின்னு இன்ஜினுக்குக் கவலை இல்ல, ஒவ்வொரு தடவை ஓட்டறப்பவும் மாறலாம். ஸ்கிப், லிமிட் போட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா க்வெரி ஓடறப்போ, நேத்து இருபதாவதா இருந்தவர் இன்னிக்கு இருபத்தொண்ணு ஆகலாம். தேதி உள்ளவங்களுக்குச் சமநிலை அபூர்வம், அதனால அங்கே தெரியாது. வெற்றுக் கூட்டத்துல ஐந்நூறு பேர் சமமா நிக்கறாங்க. வரிசையோட கடைசிச் சாவியா ஆளுக்கு ஒண்ணுன்னு இருக்கற ஒரு எண்ணைச் சேருங்க. உறுப்பினர் எண் மாதிரி ஏதாவது, எல்லாருக்கும் கண்டிப்பா இருக்கறதா. அதுலயும் வெற்று வந்துடக் கூடாது. தனித்துவக் கட்டுப்பாடு மட்டும் போட்டா, எண்ணே இல்லாத ஆட்களை அது தடுக்காது. அதையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்துக்குங்க.

அவரே இன்னொண்ணும் கேட்டிருந்தார்: வரிசை மெதுவா வருது, கடைசித் தேதியைக் கொடையாளர் நோடுலயே வெச்சு இண்டெக்ஸ் போடலாமான்னு. போடலாம். ஆனா நியோ4ஜேல இண்டெக்ஸுக்குள்ள வெற்று உள்ளவங்க இருக்க மாட்டாங்க. அதனால இண்டெக்ஸ் வரிசையைப் பயன்படுத்த, "தேதி வெற்று இல்லை"ங்கற மாதிரி ஒரு நிபந்தனையைச் சேர்க்கச் சொல்லுவாங்க. சேர்த்தா வேகம் வரும், புதியவங்க போயிடுவாங்க. அவங்களுக்கு ரெண்டாவதா ஒரு க்வெரி எழுதி, கீழே தனித் தலைப்புல காட்டிடுங்க.

இன்னிக்கு அவ்வளவுதான். கேள்வி இருந்தா எழுதுங்க.